மேசை முடிகிற இடத்தில் ஒரு தெரு

வெளியே எத்தனை மணியானாலும் கட்டட மாதிரி செய்யும் அறைக்குள் விடியற்காலைதான். சன்னலில் ஒட்டிய பால்வெள்ளைத் தாள் வெயிலை வடிகட்டித்தான் உள்ளே விட்டது. அறுத்த தெர்மாகோலின் தூள் காற்றில் மிதந்தபடி, இறங்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தது. நாலடிக்கு நாலடி மேசை ஒன்றின் மேல் ஒரு வெள்ளை ஊர் தூங்கியது. வீடுகளுக்கு வாசல் கிடையாது. மரங்கள் பஞ்சு. மனிதர்களின் உயரம் எட்டு மில்லிமீட்டர். எல்லாரும் கையில் பெட்டியோடு எங்கோ நல்ல காரியத்துக்குப் போவது போல நடந்துகொண்டிருந்தார்கள். பசை காய்ந்துவிட்டதால் போய்ச் சேரவில்லை.

இந்த ஊரைச் செய்தவரை ஆபீசில் மில்லி என்பார்கள். மில்லிமீட்டர் என்பதன் சுருக்கம். வேறு மில்லி எதுவும் இல்லை, மனிதர் டீயைத் தாண்டியவரல்ல. நாற்பத்தெட்டு வயது. அடுத்தவர் காணும் கனவை இருநூறில் ஒரு பங்காகக் குறைத்துக் கொடுப்பது உத்தியோகம்.

கனவு காண்பவர் தலைமைக் கட்டடக் கலைஞர். அவர் அதைக் கனவு என்று சொல்வதில்லை, தரிசனம் என்பார். லிப்ட் எங்கே வர வேண்டும் என்பது ஒரு தரிசனம். கழிப்பறைக் கதவு உள்பக்கம் திறப்பதா வெளிப்பக்கமா என்பது அதற்கடுத்த தரிசனம். ஆகவே ஆபீஸ் முழுவதும் அவரை, அவர் காதுக்கு எட்டாத தூரத்தில், தரிசனம் சார் என்றே அழைத்தது.

இந்த முறை தரிசனம் கிடைத்தது, பழைய ஐஸ் ஃபேக்டரியை இடித்துப்போட்ட மனையில். கீழே கடைகள், நடுவில் அலுவலகங்கள், மேலே வீடுகள். பதினாலு மாடி. ‘அக்கம்பக்கத்தோடு உரையாடும் கட்டடம்’ என்று வழவழப்பான தாளில் அச்சடித்தாகிவிட்டது. மனைக்கு நான்கு பக்கம். மூன்று பக்கம் கட்டடம் வாய் ஓயாமல் உரையாடியது: கண்ணாடி, படிக்கட்டு, நிழல் தரும் நடைபாதை, உட்கார மேடை. நாலாவது பக்கம் மட்டும் நூற்று நாற்பது மீட்டருக்கு ஒரே சுவர். அதில் லாரி நுழைய ஒரு கேட், குப்பை அறைக்கு ஒரு கதவு, ஜெனரேட்டர் பெருமூச்சு விட ஒரு சல்லடை. அவ்வளவுதான்.

ஏன் அந்தப் பக்கம் மட்டும் அப்படி என்று கேட்டால், தரிசனம் சார் அரைமணி நேரம் பதில் சொல்வார். உண்மையான பதில் ஒரு வரிதான். மேசை அங்கே முடிந்துவிட்டது.

பிளைவுட் பலகை எட்டடிக்கு நாலடி வரும். பாதியாக அறுத்தால் நாலுக்கு நாலு. பெரிய சாலையும் அதற்கு அப்பால் உள்ள பூங்காவும் முழுதாக மாதிரியில் வர வேண்டும் என்று தரிசனம் சார் சொன்னபோது, மில்லி மனையை மேசையின் கீழ் ஓரத்துக்குத் தள்ளினார். கீழ் ஓரத்தில் ஒரு தெரு விடுபட்டது. விடுபட்ட பக்கம் அறைச் சுவரை ஒட்டியிருந்ததால் அங்கே யாரும் போய் நின்றதுமில்லை. தரிசனம் சார் தினமும் மாதிரியை மூன்று பக்கமும் வலம் வந்து, மூன்று பக்கத்துக்கும் முகம் வரைந்தார். நாலாவது பக்கம் அவரைப் பொறுத்தவரை உலகின் விளிம்பு. உலகின் விளிம்பில் குப்பை அறை வைப்பதில் தவறென்ன?

விடுபட்டது மில்லியின் சொந்தத் தெரு. ‘நம்ம தெருதானே, எங்க போயிடப் போகுது’ என்று நினைத்து ரம்பத்தை ஓட்டியவரும் அவர்தான்.

அந்தத் தெருவில் பதினேழு கட்டடம். எல்லாவற்றிலும் கீழே தொழில், மேலே குடித்தனம். நடுவில் ஒன்றின் கீழே மில்லியின் மனைவி தையல் கடை வைத்திருந்தாள். பஸ் இறங்குகிறவர்கள் பெரிய சாலையிலிருந்து வெறும் மனைக்குள் குறுக்கே நடந்து, தகர வேலியின் இடைவெளி வழியாகத் தெருவுக்கு வருவார்கள். அப்படி வருகிறவர்களில் பத்தில் ஒருவர் கிழிந்ததையோ தளர்ந்ததையோ அவளிடம் கொடுத்துவிட்டுப் போவார். அந்தக் குறுக்கு நடைதான் கடையின் உயிர். சுவர் எழும்பினால் நடை நின்றுவிடும். நடை நின்றால் கடை தாங்காது. இது மில்லிக்குத் தெரியும். மனைவிக்குத் தெரியாது. “நம்ம பக்கம் என்னங்க வருது?” என்று அவள் கேட்கும்போதெல்லாம், “நல்லாத்தான் வருது” என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விடுவார். அந்த மாதம் அவரளவுக்குச் சுத்தமான மனிதர் ஊரில் இல்லை.

வியாழக்கிழமை மனையின் சொந்தக்காரம்மா மாதிரியைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. அவர் சரி என்றால் வரைபடம் மறுநாள் நகரசபைக்குப் போய்விடும்.

திங்கட்கிழமை மதியம் மில்லி மேசை ஓரத்தில் கன்னத்தை வைத்தபடி கண்ணயர்ந்தார். உடனே எட்டு மில்லிமீட்டர் ஆகிவிட்டார். வெள்ளைத் தரை காலுக்குக் கீழே மெத்தென்று அமுங்கியது. வலது பக்கம் ஒரு சுவர், முடிவில்லாமல். உச்சி தெரியவில்லை, மேலே பனி மூடியிருந்தது. எங்கோ தையல் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. ஓடும், நிற்கும், நூல் மாற்றும், மறுபடி ஓடும். சத்தம் வருகிற இடது பக்கம் திரும்பினார். அங்கே ஒன்றுமில்லை. தெரு இருக்க வேண்டிய இடத்தில் தரை நேர்க்கோடாக அறுந்திருந்தது. குனிந்து பார்த்தால் கீழே, வெகு கீழே, ஒரு செருப்பு தெரிந்தது. அது அவருடைய செருப்பேதான், மேசைக்கடியில் கழற்றிப்போட்டது. மிஷின் சத்தம் மட்டும் அந்த வெறும் காற்றிலிருந்து வந்துகொண்டே இருந்தது.

கண் விழித்தபோது கன்னத்தில் ஒரு பஞ்சு மரம் ஒட்டியிருந்தது.

மறுநாள் காலை தெருவில் நல்ல பனி. எதிர்ச் சாரியின் தகர வேலி பாதி அழித்த பென்சில் கோடு போலத் தெரிந்தது. மில்லி டேப்பை இழுத்துத் தன் வீட்டுப் படியை அளந்தார். மனைவி கடையின் ஷட்டரைத் தூக்கிவிட்டு, உதட்டிடுக்கில் நாலு குண்டூசியோடு அவரைப் பார்த்தாள். ஊசியை எடுக்காமலேயே பேசுவது அவளுக்குக் கைவந்த கலை.

“என்னங்க பண்றீங்க?”

“படி எவ்வளவு உயரம்னு பாக்கறேன்.”

“இருபத்திரண்டு வருஷமா ஏறி எறங்குற படி. காலுக்குத் தெரியாதா?”

“காலுக்குத் தெரியும். கைக்குத் தெரியல.”

தெருக்கோடியில் பஞ்சர் கடை வைத்திருந்த அவள் அண்ணன் டியூப் ஒன்றைத் தோளில் மாலையாகப் போட்டுக்கொண்டு வந்தார்.

“என்ன மாப்ள, வீட்டை விக்கப் போறீங்களா? காலங்காத்தால டேப்பும் கையுமா நிக்கிறீங்க.”

“இல்ல மச்சான், ஆபீஸ் வேலை.”

“ஆபீஸ்ல உங்க வீட்டுப் படி எதுக்கு?”

மில்லி டேப்பைச் சுருட்டினார். பொய் சொல்வதற்கும் ஒரு அளவுகோல் வேண்டும், அன்று அது கைவசம் இல்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்: சுவர், லாரி கேட், நாலுக்கு நாலு பலகை. அவர் சொல்லச் சொல்ல மனைவி உதட்டிலிருந்து ஒவ்வொரு ஊசியாக எடுத்து மணிக்கட்டில் கட்டியிருந்த பஞ்சு மெத்தையில் குத்திக்கொண்டே வந்தாள். நாலாவது ஊசி இறங்கியபோது கேட்டாள்:

“பலகையை அறுத்தது யாரு?”

“நான்தான்.”

“தெரிஞ்சேவா?”

“நம்ம தெருதானேன்னு...”

“ஓ. வந்தவங்களுக்கெல்லாம் நாற்காலி போட்டாச்சு, பொண்டாட்டிதானே, நின்னுக்கட்டும்னு.”

அண்ணன் டியூப்பைத் தோள் மாற்றினார். தங்கை கோபப்படும்போது தலையிடுவதில்லை என்பது அவர் உடம்பில் இருந்த ஒரே ஒழுக்கம். ஆனால் வாய் சும்மா இருக்குமா?

“அது சரி மாப்ள, கீழ கடை, நடுவுல ஆபீஸ், மேல வீடுன்னு சொன்னீங்களே. அதுக்கா இவ்வளவு பேரு படிச்சிட்டு வந்தாங்க? எனக்குக் கீழ பஞ்சர், மேல பொண்டாட்டி. நடுவுல ஏணில உக்காந்து கணக்கு எழுதுறேன், அதான் ஆபீஸ். நான் என்னிக்காவது தரிசனம்னு சொன்னேனா?”

மனைவி மிஷினில் உட்கார்ந்து ஒரு கைப்பகுதியை ஓட்டி முடித்தாள். நூலைப் பல்லால் கடித்தாள். பனி கடைக்குள் வந்து துணிகளின் மேல் உட்கார்ந்திருந்தது.

“சட்டைத் துணி நீளம் பத்தலைன்னா நான் என்ன பண்ணுவேன் தெரியுமா?” என்றாள்.

“என்ன பண்ணுவ?”

“ஒட்டுப் போடுவேன். தையல் வெளிய தெரியும். தெரிஞ்சா தெரிஞ்சிட்டுப் போகுது. துணியை அறுத்துட்டோமேன்னு மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கிட்டு உக்காந்தா, போட்டுக்கறவன் குளிர்லதான் போகணும்.”

ஒன்பது அங்குல அகலத்தில் ஒரு பலகை. மரம் வேறு நிறம். பழையது வெளுப்பு, இது பழுப்பு. செவ்வாயும் புதனும் மதிய நேரத்தில், தரிசனம் சார் தம் அறையில் சிந்தனையில் ஆழ்ந்திருந்தபோது (சிந்தனையின் குறட்டை வராந்தா வரை கேட்கும்), மில்லி மேசையைச் சுவரிலிருந்து இழுத்து, பலகையை அடியில் சட்டம் கொடுத்து ஒட்டினார். பிறகு தெருவைச் செய்ய உட்கார்ந்தார்.

அக்கம்பக்கத்து வீடுகளை வெறும் வெள்ளைக் கட்டிகளாக வைப்பதுதான் தொழில் வழக்கம். பார்ப்பவரின் கண் நம் கட்டடத்தை விட்டு அங்கே போய்விடக்கூடாதாம். மூன்று பக்கம் அந்த வழக்கப்படி செய்த கை, இந்தப் பக்கம் வந்ததும் பேச்சுக் கேட்க மறுத்தது. கத்தி தானாகச் சன்னல் வெட்டியது. மாடியில் கொடி கட்டி நூலில் துணி காயப்போட்டது. பதினேழு வாசலுக்கும் படி வைத்தது, மூன்றாவது வீட்டின் உடைந்த படி உள்பட. மனைவியின் கடை பன்னிரண்டு மில்லி அகலம் வந்தது. அதற்குள் குண்டூசித் தலை ஒன்றை வைத்தார், அதுதான் மிஷின். ஆள் வைக்கத்தான் திண்டாட்டம். வாங்கிவைத்த மனிதர்கள் எல்லாரும் பெட்டி தூக்கி நடப்பவர்கள், ஒருவருக்கும் உட்காரத் தெரியாது. ஒரு பெண்ணின் பெட்டியை வெட்டினார், இடுப்பை மெதுவாக மடக்கினார். மடங்கியது. வெள்ளை ஊரில் முதன்முதலாக ஒரு ஆள் உட்கார்ந்தாள். அறையின் தூள் அன்றைக்குத்தான் தரையில் இறங்கியது போல அவருக்குத் தோன்றியது.

வியாழக்கிழமை பதினொரு மணிக்குச் சொந்தக்காரம்மா வந்தார். ஐஸ் ஃபேக்டரி அவர் கணவருடையது. கணவர் போன பிறகு மனையும் மூட்டுவலியும் இவருக்கு வந்து சேர்ந்தன. முட்டி மடங்கினால் நிமிராது, நிமிர்ந்தால் மடங்காது. தரிசனம் சார் வெள்ளைச் சட்டையில், கைகளைப் பின்னால் கட்டி, மேகத்திலிருந்து எட்டிப் பார்க்கிறவர் போல மாதிரியின் மேல் குனிந்து நின்றார்.

“அம்மா, கட்டடம்ங்கிறது என்ன? ஒரு உரையாடல்.”

“உக்கார எடம் இருக்கா தம்பி?” என்றார் அம்மா.

இருந்த ஒரே இருக்கை மில்லியின் குட்டை முக்காலி. அது கிடந்தது மேசைக்கும் சுவருக்கும் நடுவில், புதிய பலகையின் பக்கம். அம்மா அதில் மெல்ல இறங்கி உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் அவர் கண் சரியாகத் தெருவின் மட்டத்துக்கு வந்து நின்றது. மற்றவர்கள் எல்லாரும் கூரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தரிசனம் சார் அப்போதுதான் பழுப்பு நிறப் பலகையைக் கவனித்தார். மில்லியைப் பார்த்தார். மில்லி பஞ்சு மரங்களைப் பார்த்தார்.

“இது... பின்னணிக்காகச் சும்மா...” என்று தரிசனம் சார் ஆரம்பித்தார்.

“ஐயோ, கொடில துணி காயுது பாரேன்!” அம்மா விரலை நீட்டினார். “இங்க யாரோ உக்காந்திருக்கா. இவளுக்கு எதிர்ல என்ன இது? சுவரா?”

“அது கட்டடத்தோட மௌனம் அம்மா.”

“பேசுற கட்டடம்னீங்களே?”

“பேச்சுக்கு நடுவுல ஒரு மௌனம் இருந்தாத்தான் பேச்சுக்கு...”

“எவ்வளவு நீளம் தம்பி இந்த மௌனம்?”

மில்லிக்கு வாய் முந்திக்கொண்டது. “நூத்தி நாப்பது மீட்டர், அம்மா.”

“கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்துல எங்க வீட்டுக்காரர்கூட என்கிட்ட அவ்வளவு நீளத்துக்குப் பேசாம இருந்ததில்ல.”

அம்மா கன்னத்தைக் கையில் தாங்கி, அந்த ஏழு மீட்டர் அகலத் தெருவுக்குள் எட்டிப் பார்த்தார். பேசியபோது குரல் அந்தத் தெருவுக்குள்ளிருந்தே வந்தது போல இருந்தது.

“ஃபேக்டரி கதவு இந்தப் பக்கம்தான் இருந்துது. வெயில் காலத்துல கதவைத் தொறந்தா உள்ள இருந்து குளிரு பொகையா வரும். தெருவே முழங்கால் வரைக்கும் மறைஞ்சிடும். ஜனங்க எல்லாம் மெதக்குற மாதிரி போவாங்க. நான் மாடில நின்னு பாப்பேன். இங்க கதவு வைங்க. ஒண்ணு இல்ல, நெறைய. குறுக்க நடக்குற ஜனங்களுக்கு ஒரு வழியும் விடுங்க. மனைக்குள்ள தினமும் நடக்குறாங்களாமே.”

தரிசனம் சார் மூச்சு ஒன்று எடுத்தார். அந்த ஒரு மூச்சுக்குள் ஆள் மாறி வெளியே வந்தார். “இதைத்தான் அம்மா நான் ஆரம்பத்துலேருந்தே உள்ளுக்குள்ள உணர்ந்துட்டிருந்தேன். நாலாவது முகம்! அதுக்காகத்தான் இந்தப் பலகையையே வேற நிறத்துல போடச் சொன்னேன்.”

அம்மா போனதும் கதவைச் சாத்தினார். முகத்தில் தரிசனம் போய் வயிற்றுவலி வந்திருந்தது.

“யோவ் மில்லி, கதவு வச்சிட்டா முதுகு எங்கய்யா வைக்கிறது? லாரி எங்க நுழையும்? குப்பை எங்க போகும்? மத்த மூணு பக்கமும் தொட முடியாது, படம் அச்சாயிடுச்சு. கேட்டும் வழியும் உன் தெருவுலதான் வரணும். எங்கன்னு உனக்குத்தானே தெரியும். நாளைக்குக் காலைல வந்து சொல்லு.”

சாயங்காலம் மில்லி வரைபடத்தை விரித்துப் பார்த்தார். லாரி திரும்ப இடமுள்ள புள்ளிகள் இரண்டு: ஒன்று தெருக்கோடியில் மச்சானின் பஞ்சர் கடைக்கு எதிரே, இன்னொன்று இருதய நோயாளியாக ஓய்வில் இருந்த பழைய தபால்காரர் வீட்டுக்கு எதிரே. ஜனங்கள் நடக்கும் வழியை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். பென்சில் தானாக மனைவியின் கடைக்கு நேர் எதிரே போய் நின்றது. அங்கே வைத்தால் பஸ்ஸிலிருந்து இறங்குகிற ஒவ்வொருவரும் அவள் முகத்தில்தான் முழிப்பார்கள். ஒரு மாதப் பாவம் ஒரு கோட்டில் கழிந்துவிடும். ஆனாலும் அவர் கோடு போடவில்லை.

மறுநாள் விடிந்ததும், சுண்ணாம்புப் பொடி ஒரு வாளி எடுத்துக்கொண்டு, மனைவியையும் மச்சானையும் கூட்டிக்கொண்டு, தகர வேலி இடைவெளி வழியாக மனைக்குள் போனார். பனி இடுப்பு வரை நின்றது. மூவரும் தலையும் தோளுமாக மிதந்தார்கள்.

“கேட்டை எனக்கு எதிர்ல போடுங்க மாப்ள,” என்றார் மச்சான். “லாரின்னா டயரு. டயருன்னா யாரு?”

“அண்ணே, சைக்கிள் டயரைக் கழட்டவே மூணு டீ குடிக்கிற. லாரி டயரைக் கழட்டுறதுக்குள்ள கட்டடமே பழசாயிடும்.”

“நீ பேசாம இரு பாப்பா. நான் ஜாக்கி வாங்குவேன்.”

மில்லி அங்கே கேட்டுக்கு இரண்டு வெள்ளைப் புள்ளி வைத்தார். பிறகு கையில் பொடியோடு மனைவியைப் பார்த்தார்.

“வழியை உனக்கு நேரா விட்டுடறேன்.”

அவள் முன்னால் நடந்தாள். பனிக்குள் குனிந்து, தரையைக் காலால் தடவிப் பார்த்துக்கொண்டே போனாள். ஓரிடத்தில் நின்றாள். அங்கே புல் இல்லை, மண் தேய்ந்து வழுவழுப்பாக, கூடம் மெழுகியது போல இருந்தது. ஃபேக்டரி இடிந்த பின் ஆறு வருஷமாக ஊர் நடந்த தடம். வேலி இடைவெளி வழியாக, அவள் கடைக்கு நாலு வீடு தள்ளித் தெருவில் ஏறியது.

“இங்க விடுங்க.”

“நாலு வீடு தள்ளிப் போகுதேம்மா.”

“எனக்கு நேரா விட்டா, புருஷன் போட்டுக் குடுத்த வழின்னு சொல்லிட்டு நாலு நாள் நடப்பாங்க. அஞ்சாவது நாள் பழைய எடத்துக்கே கால் போகும். அங்க சுவரு இருந்தா சுவரைத் திட்டுவாங்க. உங்களையும் சேத்துத் திட்டுவாங்க.”

“கடைக்கு?”

“நாலு வீடு நடக்க முடியாதவனுக்கு நான் என்ன தைக்கப் போறேன்?” என்றாள். “ஒண்ணு மட்டும் பாத்துக்கங்க. இவ்வளவு கதவு வைக்கிறீங்களே, அதுல எவளாவது வந்து தையல் கடை போட்டா என்ன பண்ணுவீங்க?”

அதற்குப் பதில் எந்த மாதிரியிலும் வராது. “தெரியலம்மா” என்றார் மில்லி. இந்தத் தடவை அவர் குளிக்கப் போய்விடவில்லை. அவள் தலையாட்டிவிட்டு வாளியைப் பிடித்துக்கொண்டாள்.

மச்சான் கயிறு பிடிக்க, மில்லி பொடி தூவினார். நூற்று நாற்பது மீட்டர் வெள்ளைக்கோடு, நடுநடுவே கதவுக்குக் கதவு விட்ட இடைவெளி, தடத்தின் மேல் ஒரு பெரிய இடைவெளி. வெயில் வரத் தொடங்கியதும் பனி தரையிலிருந்து கழன்று எழுந்தது. கோட்டின் மேல் அது நின்ற சற்று நேரம், அங்கே ஒரு கட்டடம் இருப்பது போலவே இருந்தது. மேலே கொடியும் காயும் துணியும்கூட இருப்பது போல.

நகரசபை என்ன சொல்லும், தரிசனம் சாருக்குத் திங்கட்கிழமை வேறென்ன தரிசனம் கிடைக்கும் என்பதெல்லாம் அன்று காலை யாருக்கும் தெரியாது. பெரிய சாலையில் முதல் பஸ் நின்றது. ஏழெட்டுப் பேர் இறங்கி, தூக்கம் கலையாத நடையில் மனைக்குள் நுழைந்தார்கள். தடம் விலகி முன்னால் வந்த ஒருவர் கோட்டை அடைந்ததும் ஒரு கணம் தயங்கினார். தாண்ட ஒரு எட்டுப் போதும். அவரோ கோட்டை ஒட்டியே நாலு தப்படி நடந்து, பெரிய இடைவெளியின் வழியாகத் தெருவில் இறங்கினார். பின்னால் வந்தவர்களும் அப்படியே திரும்பி, அந்த வழியாகவே இறங்கினார்கள். கடைசியாக வந்த பெண் தோள்பையிலிருந்து ஒரு பேண்ட்டை உருவிக்கொண்டே, தையல் கடை இருந்த இடது பக்கம் திரும்பி நடந்தாள்.

“ஆளு வருது,” என்று சொல்லிவிட்டு, கையிலிருந்த சுண்ணாம்பைப் புடவையில் துடைத்தபடி மனைவி கடைக்கு ஓடினாள்.